அம்மாவின் இரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டப் போகிறார்களாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

விசுவமடு_மகன் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. காலபோக அறுவடை நேரத்தில் தொடங்கியது. பின்னேரமானால் வலது கண் இமை தானாக இறங்கிவிடும். விடிய எழும்பும்போது ஒன்றுமே இல்லாததுபோல இருப்பார். எங்கள் பக்கத்தில் இமை இறங்கினால் முதலில் நினைப்பது கட்டுவிரியன் பாம்பைத்தான். நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள் நாங்கள். டோர்ச் அடித்துக் காலெல்லாம் பல் பட்ட இடம் தேடினோம். அம்மம்மா புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார்.

பிறகு சாப்பாடு. அம்மாவுக்குப் புழுக்கொடியல் என்றால் உயிர். ஒரு துண்டைக் கடிக்கத் தொடங்கிப் பாதியில் தாடை நின்றுவிடும். கையால் நாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றார். கதைக்கத் தொடங்கும்போது குரல் சரியாக இருக்கும், வசனம் முடியும்போது மூக்கால் வரும். ஒருநாள் இரவு குடித்த தேநீர் மூக்கு வழியே வந்தது. அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றினோம்.

இப்போது வன்னிக்கு வெளியே ஒரு பெரிய வைத்தியசாலையில் இருக்கிறார். மயஸ்தீனியா கிராவிஸ் என்று எழுதியிருக்கிறார்கள், தசை களைத்துப்போகிற நோயாம். திங்கட்கிழமை தொடங்கி ஒன்றைவிட்ட நாட்களில் ஐந்து தடவை பிளாஸ்மா மாற்று செய்ய வேண்டுமாம். வைத்தியர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். எனக்குத்தான் பத்துச் சொல்லில் இரண்டு பிடிபட்டது.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் சிறுநீரக நோயாளிகள் இருக்கிறார்கள். அதனால் ஊர் முழுக்க "அவவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, டயாலிசிஸ் செய்கிறார்களாம்" என்று கதை. மாமா கையெழுத்து வைக்க வேண்டாம் என்கிறார். இது டயாலிசிஸா? செய்தால் நோய் போய்விடுமா?

முல்லைத்தாதி | வெள்ளி, இரவு 10.15

தம்பி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடம் நின்றவள் நான். மாமாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இது டயாலிசிஸ் இல்லை, அம்மாவின் சிறுநீரகத்துக்கு எதுவும் நடக்கவில்லை. இயந்திரம் ஒரே சாயலில் இருக்கும். கழுத்திலோ தொடையிடுக்கிலோ தடித்த குழாய் போடுவதும் ஒன்றுதான். வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

டயாலிசிஸ் வடிகட்டியின் துளைகள் மிகச் சிறியவை. யூரியா மாதிரிப் பொடிக் கழிவுகள் அதனூடாகப் போகும். அம்மாவுக்குத் தொல்லை கொடுப்பது பிறபொருளெதிரி, கிருமியை அடிக்க உடம்பு செய்கிற பொருள். அது பெரிய புரதம், அந்தத் துளையில் நுழையாது. ஆகவே இங்கே இரத்தத்தை இரண்டாகவே பிரித்துவிடுகிறார்கள். குழியங்கள் ஒரு பக்கம். அவை மிதக்கின்ற மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா, பள்ளிக்கூடத்தில் திரவவிழையம் என்று படித்தோமே, அது மறுபக்கம். சில இயந்திரம் சுழற்றிப் பிரிக்கும், சில இயந்திரம் பெரிய துளையுள்ள வடிகட்டியால் பிரிக்கும். குழியங்கள் அம்மாவுக்கே திரும்பிப் போகும். மஞ்சள் நீர் பைக்குள் போகும், அதை வீசிவிடுவார்கள். எடுத்த அளவுக்கு அல்புமின் கரைசலை ஏற்றுவார்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லும்.

ஏன் எடுக்க வேண்டும்? நரம்பின் முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்ற பொருள் புறப்பட்டுத் தசையிலுள்ள வாங்கியில் போய்ச் சேர்ந்தால்தான் தசை அசையும். உடம்பைக் காக்க வேண்டிய பிறபொருளெதிரி தடம் மாறி, அந்த வாங்கிகளையே அடைத்துச் சிதைக்கிறது. காலையில் பரவாயில்லாமல் இருந்து பின்னேரம் இமை விழுவது அதனால்தான். மிஞ்சியிருக்கிற வாங்கிகளைக் கொண்டு கொஞ்ச நேரம் ஓடும், பிறகு களைத்துவிடும்.

நோய் போய்விடுமா என்றால், போகாது. அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் இன்றைக்கே பாருங்கள்: அம்மா அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரை ஏதாவது போடுகிறாரா? போட்டால் வார்ட்டில் சொல்லிவிடுங்கள். மாற்று நடக்கும்போது அது இரத்த அழுத்தத்தைச் சடுதியாக இறக்கிவிடும், முதலே நிறுத்துவார்கள்.

எழுந்து_நடந்தவன் | வெள்ளி, இரவு 11.02

கையெழுத்தை வையுங்கள் தம்பி. மாமாவை எனக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நான் மல்லாவி. 2017இல் எனக்கு வந்தது வேறு நோய், கியான்-பரே. ஒரு கிழமை வயிற்றோட்டம், அது நின்று பத்து நாளில் பாதம் மரத்தது. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளின் கியர் போடக் கால் எழும்பவில்லை. ஐந்தாம் நாள் சேர்ட் பொத்தான் பூட்ட முடியவில்லை. வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்கப் புறப்பட்ட பிறபொருளெதிரி என் நரம்பையும் சேர்த்து அடித்ததாம்.

ஐந்து தடவை மாற்றினார்கள். வலி குழாய் போடும்போது மட்டும்தான். பிறகு நடந்ததை அப்படியே சொல்கிறேன், அம்மா பயப்படாமல் இருக்க உதவும். இருபது நிமிடத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊரும். விரல் நுனியும் விறைக்கும். இரத்தம் குழாய்க்குள் கட்டாமல் இருக்கச் சித்திரேற்று சேர்க்கிறார்கள், அது இரத்தத்திலுள்ள கல்சியத்தைப் பிடித்துவிடுகிறது. நான் முதல் நாள் வாய் திறக்காமல் கிடந்தேன். கை கோணிக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் தாதி கண்டு கல்சியம் ஏற்றினார். அடுத்த நிமிடம் சரி. உதடு விறைத்தால் உடனே சொல்லும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அம்மாவின் குரல் எழும்பாவிட்டால் கையால் காட்டட்டும்.

இன்னொன்று, குளிர். வெளியே போய்வந்த இரத்தம் ஆறித்தான் உள்ளே வரும். வைகாசி வெயிலில் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தொங்கிய பை மெல்ல மெல்ல நிறைந்தது, நல்லெண்ணெய் நிறத்தில். கவிச்சியான எதையோ எதிர்பார்த்திருந்தேன். "இதற்குள்ளேயா என் காலை விழுத்தினது கிடக்கிறது" என்று கேட்டேன். தாதி சிரித்துக்கொண்டு, உங்களுடைய நல்லதும் இதற்குள்தான் போகிறது என்றார்.

ஐந்து மாதத்தில் தடி இல்லாமல் நடந்தேன்.

ஓமந்தையான் | சனி, காலை 7.20

அந்தத் தாதி சிரித்துக்கொண்டு சொன்ன இடத்தில்தான் எனக்குக் கேள்வி. ஒரு கெட்ட மீனைப் பிடிக்கக் குளம் முழுவதையும் இறைத்து ஊற்றுவதா? அம்மைக்கு, நெருப்புக்காய்ச்சலுக்கு என்று உடம்பு சேர்த்து வைத்த பிறபொருளெதிரியும் போய்விடுமே. பிறகு தடிமன் வந்தாலும் தாங்குமா?

கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பொறுப்போடு கேட்கிறேன்.

பூநகரி_வரம்பு | சனி, காலை 8.05

எனக்கு வைத்தியம் தெரியாது, வயல்தான் தெரியும். ஆனால் தாதிப்பிள்ளை எழுதியதை வாசித்ததும் எங்கள் உவர் வயல்தான் நினைவுக்கு வந்தது.

கடல் பக்கத்து வயலில் உப்பு ஏறிவிட்டால் என்ன செய்வோம்? மழைத் தண்ணீரைக் கட்டி நிற்பாட்டி, உப்பைக் கரையவிட்டு, வரம்பை வெட்டி வடிய விடுவோம். அன்றைக்கு நாக்கில் வைத்துப் பார்த்தால் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி கரிக்கும். மண்ணுக்குள் இருந்த உப்பு மேலே வந்திருக்கும். திரும்பக் கட்டி, திரும்ப வடிய விட வேண்டும். ஒரே தடவையில் கழுவிவிடலாம் என்று நினைத்தவன் மொட்டைக்கறுப்பன் நெல்லைக்கூட அறுத்திருக்க மாட்டான்.

ஒன்றைவிட்ட நாளில் ஐந்து தடவை என்பதற்கு இதுதான் காரணமா தாதிப்பிள்ளை?

கிளிநொச்சிக்_கணிதம் | சனி, காலை 10.30

ஐயா, நீங்கள் சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. வைத்தியரான என் தம்பியிடம் சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரிடம் இந்த மஞ்சள் நீர் ஏறத்தாழ 2 லீற்றர். அந்த இரண்டு லீற்றரையும் எடுத்து இரண்டு லீற்றர் புதிதாக ஏற்றினால் எல்லாம் போய்விடும் என்றுதான் மனம் சொல்லும். போகாது. எடுத்துக்கொண்டிருக்கும்போதே புதியது உள்ளே கலக்கிறது. பானைக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே அடியில் திறந்து விடுவது மாதிரி. நேரம் போகப் போக, வெளியே வருவதில் பாதிக்கு மேல் இப்போது ஊற்றியதாகவே இருக்கும். ஒரு முழு அளவு மாற்றினால் 63 வீதம்தான் போகும். ஒன்றரை அளவு மாற்றினாலும் 78 வீதம். அதற்கு மேல் மாற்றுவது பெரும்பாலும் ஊற்றியதையே வடிப்பது.

அடுத்தது ஐயாவின் மண்ணுக்குள் இருக்கும் உப்பு. இந்தப் பிறபொருளெதிரிகளில் ஏறத்தாழ 45 வீதம்தான் எந்த நேரத்திலும் இரத்தக் குழாய்க்குள் ஓடும். மிச்சம் தசை, தோல் என்று இழையங்களுக்குள் நிற்கும். ஆகவே ஒரு தடவையில் உடம்பு முழுவதிலிருந்தும் போவது 28 வீதம் அளவுதான். ஒருநாள் இடைவெளி விட்டால் உள்ளே நின்றது குழாய்க்குள் ஊறி வரும், அடுத்த தடவை அதை எடுக்கலாம். கரும்பலகைக் கணக்கில் பார்த்தால் ஐந்து தடவைக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். உடம்பு கரும்பலகை இல்லை, ஊறுவதும் கலப்பதும் அவ்வளவு ஒழுங்காக நடக்காது என்று தம்பி சொல்லச் சொன்னார்.

இமை இறங்கியதும் விரியனைத் தேடினோம் என்று எழுதியிருந்தீர்களே, அதில் பிழையே இல்லை. இந்த நோயின் காரணத்தைக் கண்டுபிடித்த வழியில் விரியனும் இருக்கிறது. தாய்வானில் ஒரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சைப் பிரித்து 1963இல் ஒரு பொருளை எடுத்தார்கள். அது தசையின் அந்த வாங்கியில் போய் இறுக ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் கழித்து அதே நஞ்சை அடையாளப் பொருளாகப் பூசி மயஸ்தீனியா நோயாளிகளின் தசையில் வாங்கிகளை எண்ணிப் பார்த்தார்கள். குறைவாக இருந்தன. அதே 1973இல் இன்னொரு கூட்டம், மின்விலாங்கிலிருந்து எடுத்த வாங்கியை முயல்களுக்கு ஊசியில் ஏற்றியது. முயல்களின் உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்து, தன் தசையையும் சேர்த்து அடித்து, முயல்கள் துவண்டு விழுந்தன. அடித்துப் போடுவது எது என்று அப்போதுதான் பிடிபட்டது. 1976இல் லண்டனில் நோயாளிகளுக்குப் பிளாஸ்மாவை மாற்றிப் பார்த்தார்கள், தெம்பு திரும்பியது.

பிரித்தெடுக்கும் வித்தை அதற்கும் பழையது. ஜோன் ஏபெல் என்பவரும் கூட்டாளிகளும் 1914இல் அமெரிக்காவில் நாய்களில் செய்து காட்டி, பிளாஸ்மாஃபெரிசிஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பனித்தேசத்தான் | சனி, இரவு 8.48

கனடாவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் புதுக்குடியிருப்பு. ஓமந்தையாரின் கெட்ட மீன் கேள்விக்குக் கொஞ்சம் பதில் இருக்கிறது. ஜேர்மனியிலும் ஜப்பானிலும் வேறொரு முறையும் வைத்திருக்கிறார்கள். பிரித்தெடுத்த மஞ்சள் நீரை வீசாமல் ஒரு சிறிய உருளைக்குள் விடுவார்கள். உள்ளே மணி மணியாக நிரப்பி, அதில் பிறபொருளெதிரியைப் பிடிக்கும் பொருளைப் பூசியிருப்பார்கள். ஒரு வகையில் அது ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமியின் தோலிலிருக்கும் புரதம். புண்ணில் சீழ் வைக்கிற கிருமியின் கையாயுதத்தை நாம் வாங்கிப் பாவிக்கிறோம். பிறபொருளெதிரி உருளையில் ஒட்டிக்கொள்ள, மிச்சம் நோயாளிக்கே திரும்பும். அல்புமின் ஏற்றத் தேவையில்லை. ஆனால் நல்ல பிறபொருளெதிரி, கெட்டது என்று அதுவும் பிரித்துப் பார்க்காது.

2021 கடைசியில் எஃப்கார்டிஜிமோட் என்று ஒரு மருந்துக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பழைய பிறபொருளெதிரியைச் சிதையாமல் காப்பாற்றித் திருப்பி இரத்தத்துக்கு அனுப்பும் ஒரு ஏற்பாடு உடம்பிலேயே இருக்கிறது. அந்த மருந்து அதை மறிக்கிறது. இயந்திரமே தேவையில்லை. விலையைக் கேட்டால் பரந்தனில் வயல் வாங்கலாம்.

முல்லைத்தாதி | ஞாயிறு, காலை 6.10

பனித்தேசத்தார் சொன்னது எல்லாம் சரி. அம்மா கிடக்கிற வார்ட்டில் இருப்பதைக் கதைப்போம்.

ஓமந்தையாருக்கு: ஆம், நல்லதும் போகும். தொற்று வரும் ஆபத்து கொஞ்சம் கூடும். அதனால்தான் கழுத்துக் குழாயைத் தொட முன் கையைக் கழுவச் சொல்லிச் சண்டை பிடிக்கிறோம். இரத்தம் உறைவதற்கான பொருட்களும் குறையும், ஒருநாள் இடைவெளி அதற்கும் உதவும். மூச்சு நின்றுவிடுமோ என்ற நிலையில் இருப்பவருக்கு இது வாங்கத்தக்க ஆபத்து. தேநீர் மூக்கால் வந்தால் நெஞ்சுக்குள்ளும் போகும். எனக்கு அதுதான் பயம்.

தம்பியின் இரண்டாவது கேள்வி. பூநகரி ஐயா உப்பைச் சரியாகச் சொன்னார், கடலைச் சொல்லவில்லை. வயலைக் கழுவினாலும் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. பிறபொருளெதிரியைச் செய்கிற வெண்குழியங்கள் அம்மாவின் உடம்பில் அப்படியே இருக்கின்றன. மாற்றினால் சில நாளில் தெம்பு வரும், சில வாரம் நிற்கும், பிறகு பழையபடி. அணை கட்டுவது மாத்திரை: பிரெட்னிசலோன், அசதயோப்ரின் போன்றவை. அசதயோப்ரின் வேலை காட்ட மாதக் கணக்காகும். பிரெட்னிசலோன் தொடக்கத்தில் சிலருக்குப் பலவீனத்தைக் கூட்டவும் செய்யும். அந்த இடைவெளியைக் கடத்தத்தான் இயந்திரம். இமையையும் தாடையையும் தூக்கிவிடும் பிரிடோஸ்டிக்மின் வேறு. அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால் மெல்ல வசதியாக இருக்கும்.

மாற்று நடக்கும் நாளில் காலை மாத்திரைகளை எப்போது கொடுப்பது என்று கேளுங்கள். முதலே விழுங்கினால் சிலது பைக்குள் போய்விடும்.

ஊரில் நான் பார்த்த கரைச்சல் ஒன்றே ஒன்று. இயந்திரம் முடிந்து ஆள் எழுந்து நடந்தவுடன் "சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவது. இரண்டு பேரைத் திரும்பவும் மூச்சு இயந்திரத்தில் பார்த்திருக்கிறேன். ஒருவர் சிறுபோகம் விதைத்துவிட்டு வருகிறேன் என்று போனவர்.

பிறகு, மற்ற மருந்துகள். ஜென்டமைசின், சிப்ரோஃபிளொக்சசின், நாளத்தில் ஏற்றும் மக்னீசியம் எல்லாம் இந்த நோயைக் கிளப்பிவிடும். நோயின் பெயரை ஒரு மட்டையில் எழுதி அம்மாவின் பையில் வையுங்கள். எங்கே மருந்து எடுத்தாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

விசுவமடு_மகன் | ஞாயிறு, காலை 9.33

அக்கா, நீங்கள் எழுதிய பெயர்களைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்கு நாலு நாள் முன்பு சலம் எரிகிறது என்று ஒரு தனியார் மருந்தகத்தில் காட்டினோம். அட்டையை இப்போது தேடி எடுத்தேன். சிப்ரோஃபிளொக்சசின். நான்தான் மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன்.

முல்லைத்தாதி | ஞாயிறு, காலை 9.50

அப்போது நோயின் பெயர் யாருக்கும் தெரியாதே தம்பி. அட்டையைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏன் சடுதியாகக் கூடியது என்று அவருக்கு விளங்கும்.

வவுனிக்குளத்தாள் | ஞாயிறு, பிற்பகல் 2.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தங்கச்சிக்கு லூப்பஸ். அதுவும் பிறபொருளெதிரி நோய்தானே. அவளுக்கும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாமா?

கிளிநொச்சிக்_கணிதம் | ஞாயிறு, மாலை 4.40

தங்கச்சி, இதே எண்ணத்தில் லூப்பஸ் சிறுநீரகத்தைப் பாதித்தவர்களுக்குச் செய்து பார்த்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடுதலாக எந்த நன்மையும் கிடைக்கவில்லை. இரத்தக் குழாய் அழற்சியில் 704 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2020இல் வெளிவந்தது. அதிலும் மரணமோ சிறுநீரகம் செயலிழப்பதோ குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. கெட்டதை எடுத்தால் நல்லது நடக்கும் என்பது கேட்க நேராகத்தான் இருக்கிறது, எல்லா நோயும் அந்த நேர்வழியில் வருவதில்லை. லூப்பஸில் அரிதான சில நெருக்கடிகளுக்குச் செய்வார்கள். அதை அவளுடைய கிளினிக் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

ஓமந்தையான் | ஞாயிறு, மாலை 5.05

கொவிட்டுக்குப் பிறகு உடம்பு தேறாதவர்களிடம் ஐரோப்பாவில் சில தனியார் கிளினிக்குகள் இதையொத்த முறையைத்தான் "இரத்தம் கழுவுதல்" என்று விற்றன. நிரூபணம் ஒன்றும் இல்லை, ஆட்கள் சேமிப்பைக் கரைத்துவிட்டு வந்தார்கள். நான் எல்லாவற்றையும் சந்தேகிப்பதற்குக் காரணம் இருக்கிறது. விசுவமடுத் தம்பியின் விடயத்தில் என் சந்தேகம் தீர்ந்தது.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, மாலை 6.00

"ஏழே நாளில் இரத்தத்தைச் சுத்தமாக்கும் மூலிகைப் பொடி" என்று தொலைபேசி இலக்கத்தோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றும் ஒரே ஆள்.

விசுவமடு_மகன் | அடுத்த சனி, இரவு 8.20

மூன்று தடவை முடிந்தது. மாமாவே வந்து பக்கத்தில் நின்றார். முதல் நாள் உதடு விறைத்ததும் அம்மா சொன்னபடியே கையைத் தூக்கிக் காட்டினார், கல்சியம் போட்டார்கள். இரண்டாம் நாள் அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார்கள். பை நல்லெண்ணெய் நிறம்தான், மல்லாவி அண்ணை.

நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்தேன். இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன. "என்னடா பார்க்கிறாய்" என்றார். வசனம் முடியும்வரை குரல் மூக்குக்குப் போகவில்லை.

அப்பா இன்று பஸ்ஸில் வரும்போது ஒரு பை புழுக்கொடியல் கொண்டு வந்திருக்கிறார்.

முல்லைத்தாதி | அடுத்த சனி, இரவு 8.31

கொடுக்காதீர்கள்! விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து வைத்தியர் சொல்லும்வரை கஞ்சியும் மசித்த சோறும்தான். கொடியல் ஓடிப்போகாது.

விசுவமடு_மகன் | அடுத்த சனி, இரவு 10.05

பையை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் அக்கா. போர்வையை விரிக்கும்போது தலையணைக்கடியில் ஒரு துண்டு அகப்பட்டது. மெல்லப் போகவில்லையாம், மணந்து பார்க்க மட்டுமாம்.